பண்ணை ஓடை சாக்கடைக்குள் போன கதை

நியூயார்க் மாநகரின் பிராங்க்ஸ் பகுதியில், பிராட்வே சாலைக்கு அடியில் ஓர் ஓடை ஓடுகிறது. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் நாளொன்றுக்கு ஒன்றரைக் கோடி லிட்டருக்குக் குறையாத நல்ல தண்ணீர் செங்கல் சாக்கடைக்குள் விழுகிறது. வீடுகளிலிருந்து வரும் கழிவோடு கலந்து, வார்ட்ஸ் தீவிலிருக்கும் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்ச் சேருகிறது. ஓடைத் தண்ணீரைத் தானே சாக்கடையாக்கிவிட்டு, பிறகு அதைத் தானே காசு கொடுத்துச் சுத்தம் செய்கிறது மாநகரம். 1912ஆம் ஆண்டிலிருந்து இந்தக் கூத்து நடக்கிறது.

ஓடையின் பெயர் டிபெட்ஸ். நகரத்துக்கு வடக்கே யாங்கர்ஸில் பிறந்து, இரண்டு மேடுகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் தெற்கு நோக்கி இறங்கி, வான் கோர்ட்லாண்ட் பூங்காவிலுள்ள ஏரியில் நிறைகிறது. அதுவரை வெயில் படும் ஓடை. ஏரியின் தென்கோடியோடு அதன் வெளியுலக வாழ்க்கை முடிந்துவிடுகிறது. ஒரு காலத்தில் அதற்குக் கீழேயும் சதுப்பு நிலத்தில் வளைந்து நெளிந்து ஓடி, ஸ்பைட்டன் டைவில் என்ற உப்பங்கழியில் கலந்தது. கடல் ஏற்றத்தின்போது உப்புத் தண்ணீர் சதுப்புக்குள் ஏறி வரும், இறக்கத்தில் வடிந்துவிடும். லெனாபே பழங்குடியினர் இந்தக் கரையில் வாழ்ந்தார்கள். ஓடைக்கு அவர்கள் இட்டதாகச் சொல்லப்படும் மொஷோலு என்ற பெயர் இன்று பக்கத்திலுள்ள ஒரு நெடுஞ்சாலைக்குப் போய்விட்டது.

ஐரோப்பியர்களில் இந்தப் பள்ளத்தாக்கை முதலில் எழுதி வாங்கிக்கொண்டவர் ஏட்ரியான் வான் டெர் டாங்க். லைடனில் சட்டம் படித்த டச்சுக்காரர். 1646 வாக்கில் அவருக்குக் கிடைத்தது ஓரிரு வயல் அல்ல, சுமார் 24,000 ஏக்கர். அந்த நாட்டைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1655இல் வெளிவந்தது. அதே ஆண்டில் இறந்தும் போனார். 1664இல் ஆங்கிலேயர் டச்சுக்காரர்களிடமிருந்து ஊரைப் பறித்துக்கொண்டார்கள். நிலம் துண்டு துண்டாகக் கைமாறியது. அப்படி ஒரு துண்டை 1660களின் பிற்பகுதியில் வாங்கிய ஜார்ஜ் டிப்பெட் என்பவரின் பெயர்தான் கொஞ்சம் சிதைந்து ஓடைக்கு நிலைத்துவிட்டது.

பெரும்பகுதி போன இடம் வேறு. தச்சராக வந்து, வணிகத்திலும் அடிமை வியாபாரத்திலும் கொழுத்து, நியூயார்க்கின் பெரும் பணக்காரர்களில் ஒருவரான ஃபிரடெரிக் ஃபிலிப்ஸ் அதை வளைத்துப் போட்டார். மன்ஹாட்டன் தீவையும் வடக்கிலிருக்கும் பெருநிலத்தையும் பிரிக்கும் உப்பங்கழியின்மேல் 1693இல் பாலம் கட்டி, கடந்து போகிறவர்களிடம் சுங்கம் வசூலித்தவரும் அவர்தான். கிங்ஸ்பிரிட்ஜ் என்ற ஊர்ப்பெயர் அந்தப் பாலத்திலிருந்து வந்தது. விவசாயிகள் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக முணுமுணுத்துக்கொண்டே காசு கட்டினார்கள். கடைசியில் பணம் திரட்டிப் பக்கத்திலேயே இன்னொரு பாலம் கட்டி, 1759இல் இலவசமாகத் திறந்துவிட்டார்கள்.

ஃபிலிப்ஸின் வளர்ப்பு மகள் ஈவாவை 1691இல் மணந்தவர் ஜேக்கபஸ் வான் கோர்ட்லாண்ட். 1694 முதல் மாமனாரிடமிருந்து இந்தப் பக்கத்து நிலத்தை அவர் கிரயம் வாங்கத் தொடங்கினார். அதே ஆண்டில் இன்னொன்றும் நடந்தது. மாவைச் சலித்து ஏற்றுமதிக்கு மூட்டை கட்டும் உரிமை அதுவரை நியூயார்க் நகரத்தின் ஏகபோகமாக இருந்தது, அது ரத்தானது. நகர எல்லைக்கு வெளியே மாவு மில் வைத்தால் இனி நல்ல வியாபாரம். ஜேக்கபஸ் பின்னாளில் இரண்டு முறை நியூயார்க் மேயராக இருந்தவர். இப்படிப்பட்ட கணக்குகள் தெரியாதவராக இருந்திருக்க முடியாது. 1700ஐ ஒட்டி டிபெட்ஸ் ஓடையின் குறுக்கே அணை எழுந்தது. தேங்கிய தண்ணீரின் பலத்தில் ஒரு மாவு மில்லும் ஒரு மர அறுவை மில்லும் ஓடின.

பூங்காவில் இன்று குடும்பம் குடும்பமாக வந்து படம் எடுத்துக்கொள்ளும் ஏரி, அந்த மில்லுக்காகத் தேக்கிய குளம். இயற்கை அதை அங்கே வைக்கவில்லை.

மில் என்றால் சக்கரம் தானாகச் சுற்றும், மாவு தானாகக் கொட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. அந்தக் காலத்து மாவு மில்லில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பெரிய கற்கள். கீழ்க்கல் அசையாது, மேற்கல் சுற்றும். இரண்டும் தொட்டுவிடக் கூடாது. ஆனால் ஒரு தாளின் தடிமனுக்கு மேல் இடைவெளி விழவும் கூடாது. தொட்டால் கல் பொடி மாவில் கலக்கும், தீப்பொறி பறக்கும். மாவுத்தூசி மிதக்கும் அறையில் தீப்பொறி என்றால் மில்லே போய்விடும். இடைவெளி கூடினால் கோதுமை நொய்யாக விழும். மதகை எவ்வளவு திறப்பது, தானியத்தை எவ்வளவு வேகத்தில் இறக்குவது, கல்லை எவ்வளவு தூக்குவது என்று மூன்றையும் ஒருவரே ஒரே நேரத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். விழுகிற மாவைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார்கள். சூடாக இருந்தால் கல் வேகமாகச் சுற்றுகிறது என்று பொருள். அந்த மாவு சீக்கிரம் கெட்டுவிடும், கப்பலில் அனுப்ப உதவாது. கற்களின் முகத்தில் வெட்டியிருக்கும் வரிகள் தேயத் தேய, மேற்கல்லைத் தூக்கிப் புரட்டிப்போட்டு, நம் ஊரில் அம்மி கொத்துவதுபோல உளியால் கொத்தியெடுக்க வேண்டும். வருடக்கணக்கில் பழகினால்தான் கைவரும் தொழில் இது.

வான் கோர்ட்லாண்ட் பண்ணையில் இந்தத் தொழிலைச் செய்தவரின் பெயர் நமக்குத் தெரியும். பியெரோ. அடிமை.

அவர் பெயர் எப்படித் தெரியவந்தது என்பதுதான் கசப்பான பகுதி. ஜேக்கபஸ் 1739இல் இறந்தபின் பண்ணை மகன் ஃபிரடெரிக் வான் கோர்ட்லாண்டின் கைக்கு வந்தது. 1748இல் அவர் கல்லில் ஒரு மாளிகை கட்டத் தொடங்கினார். அது முடிவதற்குள் கண்ணை மூடிவிட்டார். 1749இல் எழுதிய உயிலில் மூத்த மகனுக்கு அவர் விட்டுச்சென்ற சொத்துகளோடு சில மனிதர்களின் பெயர்களும் வருகின்றன. படகோட்டி லெவெல்லி, மில்லர் பியெரோ, பியெரோவின் மனைவி ஹெஸ்டர், அவர்களுடைய மகன் சின்ன பீட்டர், சீசர், கேட், சின்ன ஃபிராங்க். மாவு மில்லை ஓட்டியது யார் என்று வேறு எவரும் எழுதிவைக்கவில்லை. பியெரோவின் தொழில்திறமை பதிவானது, அவர் இன்னொருவரின் சொத்தாகக் கைமாறியதால் மட்டுமே.

அந்தப் பட்டியலில் படகோட்டி இருப்பதையும் கவனிக்க வேண்டும். அன்றைய சாலைகளில் மாட்டு வண்டியில் மாவு மூட்டை ஏற்றிப்போவது பெரும்பாடு. தண்ணீர்வழி இருக்கும்போது அந்தச் சிரமம் எதற்கு? ஓடை உப்பங்கழியில் சேர்கிறது. உப்பங்கழியிலிருந்து ஹட்சன் ஆறு. ஹட்சன் வழியே நேரே மன்ஹாட்டன் சந்தை. நியூயார்க் மாவில் கணிசமான பங்கு அங்கிருந்து கரீபியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறியது. அந்தத் தோட்டங்களில் கரும்பு வெட்டியவர்களும் அடிமைகள்தான். கோதுமையை விதைத்து, அறுத்து, அரைத்து, ஏற்றியது ஒரு கரையின் அடிமைகள். அது போய்ச் சேர்ந்தது இன்னொரு கரையின் அடிமைத் தோட்டத்துக்கு. அமெரிக்க அடிமைமுறை என்றால் தெற்கு மாநிலங்களும் பருத்திக் காடும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. நியூயார்க் மாநிலத்தில் அது முற்றிலுமாக ஒழிந்தது 1827 ஜூலை 4ஆம் தேதி என்பதை அமெரிக்கர்களே பலர் மறந்துவிட்டார்கள்.

மாளிகை இன்றும் நிற்கிறது. ஜன்னல் வளைவுகளின் உச்சியில் முகத்தைக் கோணிக்கொண்டிருக்கும் கல் பொம்மைகள் பார்க்க வேண்டியவை. அமெரிக்க விடுதலைப் போரின்போது ஜார்ஜ் வாஷிங்டன் அங்கே தங்கியிருக்கிறார் என்பதால் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவருகிறார்கள். குடும்பத்தின் கல்லறை இருக்கும் மேட்டில், 1776இல் நகர எழுத்தராக இருந்த அகஸ்டஸ் வான் கோர்ட்லாண்ட் மாநகராட்சியின் பத்திரங்களைக் கொண்டுவந்து ஒளித்துவைத்தார். குடும்பத்துப் பிணங்களுக்கு நடுவே ஊர்ப் பத்திரம்! போர்ப் படைகள் வந்து தேட நினைக்காத இடம்தான்.

மில் வேலை செய்தவர்களின் கல்லறைக்கு இப்படிப்பட்ட மேடு கிடைக்கவில்லை. ஏரியின் பக்கத்தில் இருந்த பழைய இடுகாட்டையொட்டி அவர்களைப் புதைத்தார்கள். 1870களில் ரயில் பாதைக்காக மண் வெட்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. வேலை நிற்கவில்லை. பாதை வந்தது, ஏரியைத் தாண்டியும் போனது. 2021இல், அடிமை ஒழிப்பைக் கொண்டாடும் ஜூன்டீன்த் நாளையொட்டி, அந்த இடத்தை அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்களின் இடுகாடு என்று நகரப் பூங்காத் துறை முறையாக அறிவித்தது. உயில் எழுதி 272 ஆண்டுகள் கழித்து.

19ஆம் நூற்றாண்டில் தண்ணீரைப் பற்றிய நகரத்தின் கணக்கு மாறிவிட்டது. மன்ஹாட்டன் கிணறுகள் நாறிப்போய், காலரா வந்து வந்து ஆளைத் தின்ற பிறகு, வடக்கே குரோட்டான் ஆற்றில் அணை கட்டி நீண்ட நிலத்தடிக் கால்வாய் வழியே குடிநீர் கொண்டுவந்தார்கள். 1842இல் தண்ணீர் வந்தது. அந்தக் கால்வாய் டிபெட்ஸ் பள்ளத்தாக்கின் ஓரத்து மேட்டிலேயே போகிறது. மேலே தொலைதூரத் தண்ணீர் நகரத்துக்குள் போகிறது. கீழே உள்ளூர்த் தண்ணீர் மாவு அரைத்துக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஓடை குடிப்பதற்கு வேண்டாத தண்ணீராகிவிட்டது. நீராவி இயந்திரம் வந்து, மேற்கிலிருந்து ரயிலில் மலிவான மாவும் வந்த பிறகு அரைப்பதற்கும் அது வேண்டாததாகிவிட்டது.

ஜான் முலலி என்ற பத்திரிகையாளர் நகரத்துக்கு வடக்கே பெரிய பூங்காக்கள் வேண்டும் என்று விடாமல் எழுதியதன் பலனாக 1884இல் ஒரு சட்டம் வந்தது. 1888இல் வான் கோர்ட்லாண்ட் நிலம் நகரத்தின் கைக்குப் போனது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஒரே குடும்பத்தின் பிடியில் இருந்த பண்ணை, 1,146 ஏக்கர் பூங்காவின் நடுப்பகுதியானது. மில்கள் அந்தச் சமயத்தில் நின்றன. மாவு மில்லின் கட்டடம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மின்னல் தாக்கி எரிந்துபோனது. கோதுமை விளைந்த வயல் அணிவகுப்பு மைதானமாக மாறியது. 1895இல் ஏரிக்கரையில் கோல்ஃப் மைதானம் திறந்தார்கள். பொதுமக்கள் யாரும் ஆடக்கூடிய கோல்ஃப் மைதானம் அமெரிக்காவில் அதுதான் முதல். குளிர்காலத்தில் உறைந்த மில் குளத்தின்மேல் ஆயிரக்கணக்கானோர் சறுக்கி விளையாடினார்கள்.

பூங்காவுக்குள் ஓடைக்கு இப்படிக் கொஞ்சம் மரியாதை கிடைத்தது. பூங்காவுக்குத் தெற்கே நிலைமை நேர்மாறு.

ஹட்சனுக்கும் ஹார்லெம் ஆற்றுக்கும் இடையே கப்பல் போக நேர்வழி வேண்டும் என்று 1895இல் ஒரு கால்வாய் வெட்டினார்கள். அதனால் மன்ஹாட்டன் தீவின் வடமுனை மார்பிள் ஹில் துண்டாகித் தனித் தீவானது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் வடபுறத்துப் பழைய உப்பங்கழியையும் மண் கொட்டித் தூர்த்தார்கள். இப்போது மார்பிள் ஹில் நிலத்தால் பிராங்க்ஸோடு ஒட்டியிருக்கிறது, நிர்வாகத்தால் மன்ஹாட்டனைச் சேர்ந்திருக்கிறது. 1939இல் பிராங்க்ஸின் தலைவர் அங்கே போய்க் கொடி நட்டு ‘இது எங்கள் மண்’ என்று கிளம்பியதும், குடியிருப்பவர்கள் விரட்டாத குறையாகக் கேலி செய்ததும் தனிக் கதை. ஃபிலிப்ஸ் சுங்கம் வாங்கிய பாலத்துக்கு அடியில் தண்ணீரே இல்லாமல் போய்விட்டது.

தூர்ந்துபோன அந்த உப்பங்கழிதான் டிபெட்ஸ் ஓடை போய்ச் சேர வேண்டிய வாய். 1908இல் சுரங்க ரயில் நிறுவனம் மேம்பாலத்தின்மேல் ரயிலை 242ஆம் தெரு வரை நீட்டியிருந்தது. ரயில் வந்த ஊரில் மனை விலை ஏறாமல் இருக்குமா? சதுப்பு என்றால் கொசு, காய்ச்சல், ஈரம், விற்க முடியாத நிலம். அதே சதுப்பை மண்ணால் மேடாக்கினால் தெரு, வீடு, வரி வருமானம். இடையில் நெளிந்துகொண்டிருந்த ஓடையை எங்கே விடுவது என்ற கேள்விக்கு, பிராட்வேயின் கீழே புதிதாகப் போட்டிருந்த சாக்கடை தயாராகப் பதில் சொன்னது. 1912இல் ஏரியின் தென்கோடியிலேயே ஓடையைப் பிடித்து அதற்குள் இறக்கினார்கள். அன்றைய கண்ணோட்டத்தில் இது முன்னேற்றம்; எவரும் பெரிதாக அழுததாகத் தெரியவில்லை. பின்னர் நகரப் பூங்காத் துறை ஆணையராக இருந்த ராபர்ட் மோசஸ் காலத்தில் வந்த அதிவேகச் சாலைகள் பூங்காவைப் பல துண்டாக வெட்டி, மிஞ்சியிருந்த சதுப்பிலும் பெரும்பகுதியை விழுங்கின.

நியூயார்க் நகரத்தின் சாக்கடைகளில் ஏறத்தாழ 60 விழுக்காடு மழைநீருக்கும் கழிவுநீருக்கும் ஒரே குழாய் என்ற பழைய ஏற்பாடு. வறண்ட நாளில் பிரச்சினை இல்லை. கனமழை வந்தால் குழாய் கொள்ளாது. மிஞ்சியது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகாமல் நேரே ஆற்றில் கொட்டும், மலமும் சேர்த்துத்தான். வேண்டுமென்றே அப்படி அமைத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் வீட்டுக் கழிப்பறை வழியே திரும்பி வரும். டிபெட்ஸ் ஓடை வருடம் முழுவதும் அந்தக் குழாயில் ஓர் ஓரத்தை அடைத்துக்கொண்டே இருப்பதால், மழை வருவதற்கு முன்பே குழாயில் பாதி இடம் போனதுபோல் ஆகிவிடுகிறது. பழைய சதுப்பின்மேல் எழுந்த கிங்ஸ்பிரிட்ஜ் பகுதியில் வீட்டு நிலவறைகளில் தண்ணீர் ஊறுவது புதுச் செய்தி அல்ல.

2021 செப்டம்பர் 1ஆம் தேதி இரவு, ஐடா புயலின் மிச்சம் நியூயார்க்கின்மேல் கொட்டித் தீர்த்தது. மத்தியப் பூங்காவின் வானிலை நிலையத்தில் ஒரே மணி நேரத்தில் 3.15 அங்குலம், அதாவது 80 மில்லிமீட்டர் பதிவானது. வான் கோர்ட்லாண்ட் பூங்காவையொட்டிய மேஜர் டீகன் அதிவேகச் சாலையில் தண்ணீர் நிரம்பி, கார்களும் லாரிகளும் நடுவழியில் மிதந்து நின்ற படங்கள் மறுநாள் உலகம் முழுக்க வந்தன. அந்தச் சாலை பழைய ஓடையின் பள்ளத்தில்தான் போகிறது. தண்ணீருக்குப் புது வழி எதுவும் தெரியாது. பழைய வழியில் வந்து நின்றது.

ஓடையை மறுபடியும் வெளியே கொண்டுவர வேண்டும் என்று அப்பகுதி மக்கள் அதற்கு வெகுமுன்பே கேட்டுக்கொண்டிருந்தார்கள். சும்மா கிடந்த பழைய ரயில் பாதைதான் அவர்கள் கண்ணில் பட்ட வழி. 19ஆம் நூற்றாண்டில் எலும்புகளைக் கிளறிக்கொண்டு வந்த அதே பாதை; பயணிகள் ரயில் 1958இல் நின்றது, சரக்கு ரயிலும் 1980களில் நின்றுபோனது. பூங்காவுக்குத் தெற்கே அந்த நிலம் சிஎஸ்எக்ஸ் என்ற ரயில் நிறுவனத்தின் கையில் இருந்தது. பல ஆண்டுப் பேரத்துக்குப் பிறகு 1.12 கோடி டாலருக்கு அதை வாங்க ஒப்பந்தமானதாக 2023 ஜனவரியில் நகர நிர்வாகம் அறிவித்தது. சட்டைப்பையில் இருந்ததை வீதியில் போட்டுவிட்டு விலை கொடுத்து மீட்பது என்றால் இதுதான். மொத்தத் திட்டத்துக்கு அப்போது சொன்ன மதிப்பு 13 கோடி டாலருக்கும் மேல்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்குப் பக்கத்து ஊரிலேயே பதில் இருக்கிறது. யாங்கர்ஸ் நகர மையத்தில் சா மில் ஆற்றை 1920களில் மூடிவிட்டார்கள். அதன்மேல் வாகன நிறுத்துமிடம் வந்தது. வான் டெர் டாங்க் மர அறுவை மில் வைத்திருந்த ஆறு அது. 2011, 2012 ஆண்டுகளில் நிறுத்துமிடத்தை உடைத்து ஆற்றை மேலே கொண்டுவந்து, அங்கே அமைத்த பூங்காவுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். மீன்கள் ஏறுவதற்குப் படித்துறைபோல ஓர் அமைப்பும் கட்டினார்கள். கடலில் பிறந்து நன்னீர் தேடி ஆறேறும் அமெரிக்க விலாங்கு மீன்கள் வந்து சேர்ந்தன. அழகுக்காகச் செய்தது என்று சிலர் குறைத்துப் பேசலாம். கடைத்தெருவுக்கு நடுவே விலாங்கு திரும்பி வருவது அவ்வளவு லேசான விஷயம் அல்ல.

பிராங்க்ஸ் திட்டத்தில் அந்த அளவுக்குச் சுதந்திரம் இல்லை. ஏரியின் மதகை மாற்றி அமைத்து, பழைய ரயில் பாதையின் வழியே சுமார் ஒரு மைலுக்கு ஓடையை வெயிலில் விடுவார்கள். கரையோரம் நடைபாதையும் சைக்கிள் பாதையும் வரும். ஆண்டுக்கு 22.8 கோடி கேலன், அதாவது 86 கோடி லிட்டர் அளவுக்குச் சாக்கடைத் தண்ணீர் ஹார்லெம் ஆற்றில் வழிவது இதனால் குறையும் என்பது நகர நிர்வாகத்தின் கணக்கு. பழைய உப்பங்கழியை மட்டும் மீட்க முடியாது. அது தூர்ந்த இடத்தில் தெருக்களும் கடைகளும் அடுக்குமாடிகளும் நூறு ஆண்டாக நிற்கின்றன. அதனால் கடைசித் துண்டு மறுபடியும் நிலத்துக்கடியில்தான்: மேற்கு 230ஆம் தெருவுக்குக் கீழே தனிக் குழாயில் இறங்கி ஹார்லெம் ஆற்றுக்குப் போகும். இந்த முறை சாக்கடையோடு கலக்காமல்.